முட்டை அவியாத சூரிய அடுப்பு

உவர்மலைப் பக்கம் ஒரு வாசிகசாலையில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டி விஞ்ஞானம் செய்துகாட்டும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். தரம் 4 முதல் 8 வரை இருபது பிள்ளைகள். வெப்பத்தையும் சூரிய சக்தியையும் செய்து பார்த்தே படிப்பிக்க ஆசை, காசு அதிகம் இல்லை. வீடியோ ஒன்றைப் பார்த்து, பீட்சா பெட்டியின் வாயில் பொலித்தீனும் மூடியில் அலுமினியத்தாளும் ஒட்டிச் சூரிய அடுப்புச் செய்தார்களாம். அரை லீற்றர் தண்ணீரில் மூன்று முட்டை போட்டு, பின்னேரம் இரண்டு மணிக்கு வைத்து நாலரை வரை பார்த்துக்கொண்டிருந்தும் அவியவில்லை. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். "திருகோணமலை வெயிலிலேயே அவியாவிட்டால் வேறு எங்கே அவியும்? நான் எதில் தொடங்க வேண்டும்?" என்பது கேள்வி.

தங்கச்சி, நான் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். இதே முட்டை எனக்கும் அவியாமல் போயிருக்கிறது. அந்தப் பெட்டியை எறிந்துவிடாதீர்கள், அதிலேயே தொடங்கலாம். அவிந்திருந்தால் பிள்ளைகள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவியாததால்தான் "வெப்பம் எங்கே போனது?" என்று கேட்க ஒரு வழி கிடைத்திருக்கிறது. நான் கீழே சொல்லப்போகிற எல்லாம் அந்த ஒரு கேள்வியைப் பின்தொடர்ந்து போவதுதான்.

முதலில் உங்களுக்காக ஒரு கணக்கு. வானம் தெளிவான நாளில், உச்சிவெயில் நேரே விழும் ஒரு சதுர மீற்றர் இடத்துக்குக் கிட்டத்தட்ட 1000 வாட் வந்து சேரும். உங்கள் பெட்டியின் வாய் 30 சென்ரிமீற்றருக்கு 30 என்று வைத்தால் 0.09 சதுர மீற்றர், ஆக 90 வாட். மேலே ஒட்டிய பொலித்தீனில் கொஞ்சம் திரும்பிப் போகும், பக்கங்களால் நிறையக் கசியும். பாதி மிஞ்சினாலும் 45 வாட். வீட்டில் தேத்தண்ணிக்கு வைக்கும் 1500 வாட் கேத்தலோடு ஒப்பிட்டால் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. அரை லீற்றர் தண்ணீரை 30 பாகையிலிருந்து 90 பாகைக்கு ஏற்ற 126 கிலோயூல் வேண்டும். 45 வாட்டில், அதாவது செக்கனுக்கு 45 யூலில், அதற்கு முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அதுவும் சூடு ஏற ஏறக் கசிவும் கூடும் என்பதைக் கணக்கில் எடுக்காமல். நீங்கள் வைத்ததோ இரண்டு மணிக்கு. நாலு மணியளவில் வெயில் சாய்ந்துவிடும். பெட்டியின் வாய்க்கு உச்சிவெயிலில் பாதியும் வராது. கடற்காற்று வேறு பெட்டியைத் தடவிக்கொண்டு போயிருக்கும்.

இன்னொன்று. முட்டை அவியத் தண்ணீர் கொதிக்க வேண்டும் என்று யார் சொன்னது? வெள்ளைக்கரு 62 பாகையளவில் இறுகத் தொடங்கிவிடும், மஞ்சள் அதற்குச் சற்று மேலே. உங்கள் பெட்டியின் வெப்பத்தையெல்லாம் குடித்தது அந்த அரை லீற்றர் தண்ணீர்தான்.

சூரிய அடுப்பின் பழைய கதையும் கசிவை அடைத்த கதைதான். 1767 இல் ஜெனீவாவில் ஒராஸ் பெனடிக்ட் தெ சொசூர் என்பவர் கண்ணாடிப் பெட்டிகள் ஐந்தை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து வெயிலில் வைத்தார். நடுப் பெட்டிக்குள் 87 பாகைக்கு மேல் ஏறியது. அப்புறம் மரப்பெட்டிக்குள் கறுத்த தக்கை பதித்து, மேலே மூன்று கண்ணாடி அடுக்கியபோது 100 பாகையையும் தாண்டியது. அவருக்குக் கிடைத்தது ஐரோப்பிய வெயில். நம்முடையதைவிட மெலிந்தது.

சரி, பிள்ளைகளிடம் வருவோம். அடுத்த சனிக்கிழமை அதே பெட்டியைத் தண்ணீர், முட்டை ஒன்றும் இல்லாமல் பத்தரை மணிக்கு வெயிலில் வையுங்கள். கால் மணித்தியாலம் கழித்து "இதற்குள்ளிருந்து வெப்பம் எந்தெந்த வழியால் தப்பிப் போகிறது, கண்டுபிடியுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். புறங்கையைப் பெட்டியின் நாலு பக்கமும் கிட்டப் பிடித்துப் பார்க்கட்டும். மூடி பொருந்தாத ஓரத்தில் ஓர் ஊதுபத்தியைப் பிடித்தால் புகை எங்கே நெளிகிறது என்பது தெரியும். நான் இதைச் செய்வித்த ஒரு தடவை, தரம் 5 பிள்ளை ஒன்று ஒருவரும் கேட்காமலே பெட்டியைத் தூக்கிவிட்டு, அது இருந்த இடத்தில் சீமெந்துத் தரையைத் தொட்டுப் பார்த்தது. "சேர், கீழால சுடுது. தரை குடிக்குது" என்றது. வெப்பம் இப்படித் தொட்டிருக்கும் பொருளுக்குள் போவதற்குப் பெயரான கடத்தல் என்ற சொல்லை நான் அதற்குப் பிறகுதான் கரும்பலகையில் எழுதினேன். அதன்பின் அந்த வகுப்பில் ஒருவருக்கும் அந்தச் சொல் மறக்கவில்லை.

"தரை குடிக்காமல் இருக்க என்ன செய்யலாம்?" என்று பிள்ளைகளே கேட்பார்கள். அதற்கு ஒரு போட்டி வையுங்கள். வெறும் ரின்பால் பேணி நாலு எடுங்கள். ஒன்றைச் சும்மா விடுங்கள். மற்ற மூன்றையும் பெரிய பேணிகளுக்குள் வைத்து, இடைவெளியில் ஒன்றுக்கு உமி, ஒன்றுக்குத் தும்பு, ஒன்றுக்குக் கசக்கிய பத்திரிகைத்தாள் அடையுங்கள். நாலுக்கும் ஒரே அளவு சுடுதண்ணீர், மேலே ஒரே மாதிரி மூடி. தண்ணீர் ஊற்றுவது பெரியவர்களின் வேலை, 60 பாகை போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். வெறும் பேணி முதலில் தோற்கும், அது எல்லாருக்கும் தெரியும். மற்ற மூன்றுக்கும் இடையில்தான் சண்டை. ஒரு குழு நிச்சயமாக "இன்னும் அடைத்தால் இன்னும் நல்லது" என்று உமியை இறுக்கி அமுக்கும். அமுக்க விடுங்கள். வெப்பத்தைத் தடுப்பது உமிக்குள் அகப்பட்டிருக்கும் காற்று. அமுக்கினால் அந்தக் காற்றுப் போய்விடும் என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். இது வீட்டுக்குள் செய்கிற வேலை, ஐப்பசி கார்த்திகை மழையிலும் ஓடும். சுடுதண்ணீருக்குப் பதில் ஐஸ் கட்டி வைத்தாலும் அதே போட்டிதான். சிறுவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு. மீன் பெட்டி ஏன் ரெஜிபோமில் செய்கிறார்கள் என்று யாராவது கேட்டால் அன்றைய வகுப்பு வெற்றி.

வெப்பமானியைப் பற்றி ஒரு வார்த்தை. காய்ச்சல் பார்ப்பதை எடுக்கவே எடுக்காதீர்கள். அது 42 பாகையோடு நின்றுவிடும், கண்ணாடியென்றால் வெடிக்கும், உள்ளே இரசம் இருந்தால் இன்னும் ஆபத்து. சமையலுக்குக் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்கினால் போதும், இருபது பேருக்கும் காணும். அதுவும் இல்லாவிட்டால் உருகும் பொருள்களை வரிசையாக வைத்து ஒரு ஏணி செய்யலாம். தேங்காய் எண்ணெய் 24 பாகையளவில் உருகும். நம்மூரில் அது எப்போதும் தண்ணீராகவே இருக்கிறது. நுவரெலியாவில் விடியப்புறம் போத்தலுக்குள் உறைந்து கிடக்கும். சொக்லேட் 34 பாகையளவில் இளகும். மெழுகுதிரி 55, 60 என்று போகும். அதற்கும் மேலே முட்டை வெள்ளைக்கரு. ஒவ்வொன்றிலும் துளித்துளியாக ஒரு தட்டில் வைத்துப் பெட்டிக்குள் விட்டால், எது உருகியது எது உருகவில்லை என்பதிலிருந்தே உள்ளே எத்தனை பாகை என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். சொக்லேட்டுக்கு மட்டும் காவல் வேண்டும்.

கறுப்புப் பேணி, வெள்ளைப் பேணி வைத்து வெயிலில் தண்ணீர் சூடாக்குவது எல்லாரும் செய்வது. நீங்களும் செய்யுங்கள், விவரிக்கப் போவதில்லை. ஒன்றே ஒன்று: பார்ப்பதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊகத்தைக் கொப்பியில் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் முடிவு தெரிந்தபிறகு எல்லாரும் "எனக்கு முதலே தெரியும்" என்பார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அடுத்த கேள்வி ஒன்று வைத்திருங்கள்: இரண்டு பேணியையும் ஒரே சூட்டில் நிழலுக்குக் கொண்டுவந்தால் எது முதலில் ஆறும்?

இனி அந்த வீடியோவைப் பற்றி. அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் வடக்கே தூர தேசத்தில் இருப்பவர்கள். "அடுப்பைத் தெற்கே பார்த்து வையுங்கள்" என்பார்கள். திருகோணமலை பூமத்திய கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 12 அளவில், அதாவது சித்திரை வருடப்பிறப்புக்கு ஓரிரு நாள் முன், நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். அதன்பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் நிற்கும். ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு தடவை உச்சி கடந்து தெற்கே போகும். ஒரு மீற்றர் தடியை நிமிர்த்தி நட்டால் ஜூன் 21 நண்பகலில் நிழல் தெற்கே 26 சென்ரிமீற்றர் விழும். டிசம்பர் 22 இல் வடக்கே 62 சென்ரிமீற்றர். பெரியவர்களிலேயே பலர் இதைக் கவனித்ததில்லை, "சூரியன் வடக்கே நிற்குமா?" என்று சண்டைக்கு வருவார்கள். சண்டைக்கு வருபவரை முற்றத்துக்குக் கூட்டிப்போய்த் தடியைக் காட்டுங்கள்.

ஏப்ரல் 12 ஐ மட்டும் தவறவிடாதீர்கள். பன்னிரண்டு மணி கடந்து ஐந்தாறு நிமிடத்தில் ஒரு போத்தலை நிமிர்த்தி வைத்தால் நிழல் அதன் காலடிக்குள் ஒளிந்துவிடும். அந்த நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் நிழலைத் தேடிக் குனிவதைப் பார்க்க வேண்டும். குனிந்தால் நிழல் வந்துவிடும், அதுவும் ஒரு பாடம்.

இதனால் உங்கள் பெட்டிக்கு என்ன? வெயில் மேலிருந்து விழும் நேரத்தில் அலுமினியத்தாள் ஒட்டிய மூடியை நேரே நிமிர்த்தி வைத்தால் வெயில் அதைத் தொடாமலே கீழே போய்விடும். மூடி சும்மா அழகுக்கு நிற்கும். சற்றுப் பின்னால் சாய்க்க வேண்டும், பெட்டியின் வாய்க்கும் மூடிக்கும் இடையில் 120 பாகையளவு. அப்போது உள்ளே போகும் வெயில் ஒன்றரை மடங்கு வரை கூடும். கோணமானி தேட வேண்டாம். மூடியை ஆட்டும்போது பொலித்தீனின் மேல் ஓர் ஒளித்துண்டு நகரும். அது வாய் முழுவதையும் மூடும் இடத்தில் ஒரு குச்சி கொடுத்து நிறுத்திவிடுங்கள்.

பொலித்தீனுக்குப் பதில் கண்ணாடி போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நல்லதுதான், ஆனால் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். பழைய ஜன்னல் கண்ணாடி ஒன்றைப் பெட்டிமேல் வைத்தோம், பெட்டி நன்றாகச் சூடாகி நின்றது. ஆகஸ்ட் பின்னேரம், கடலைப் பார்த்தால் வெளிச்சம், திரும்பிப் பார்த்தால் கருமேகம். நாலு பெரிய துளி விழுந்தது. டக் என்று ஒரு சத்தம், கண்ணாடி குறுக்கே பிளந்துவிட்டது. பிள்ளைகள் தள்ளி நின்றது என் அதிர்ஷ்டம். சிறுவர்கள் இருக்கிற இடத்தில் பொலித்தீனே போதும். இரண்டு படலமாக, இடையில் ஒரு விரல் இடைவெளி விட்டு ஒட்டினால் கண்ணாடிக்குக் குறைவில்லை.

கடற்கரைக்குப் போகாமல் திருகோணமலையில் வெப்பம் படிப்பிப்பதில் அர்த்தமில்லை. டச்பே கடற்கரையில் பதினொரு மணிக்கு மேல் வெறுங்காலோடு நடந்தவனுக்குத் தெரியும், மணல் பொறுக்காது, ஓடித் தண்ணீருக்குள் கால் வைத்தால்தான் உயிர் வரும். ஒரே சூரியன், ஒரே நேரம், பத்தடி இடைவெளி. ஏன்? ஒரு கிலோ தண்ணீரை ஒரு பாகை ஏற்ற வேண்டிய வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் ஒரு கிலோ காய்ந்த மணலுக்கு வேண்டும். வெயில் கடலுக்குள் ஆழமாகப் போய்ப் பரவுகிறது, அலை கலக்குகிறது, மேலால் ஆவியாகவும் போகிறது. மணலிலோ எல்லாம் மேல்தோலிலேயே நின்றுவிடும். கையால் ஒரு சாண் தோண்டச் சொல்லுங்கள். கீழ்மணல் குளிர்ந்திருக்கும். முட்டையிட வரும் கடலாமை ஏன் ஆழமாகத் தோண்டுகிறது என்று அங்கே வைத்து யாராவது கேட்பார்கள்.

இருபது பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கொண்டுபோவது பயம் என்றால் இரண்டு தட்டு போதும், ஒன்றில் மணல், மற்றதில் அதே எடைத் தண்ணீர். ஆனால் காற்றைத் தட்டில் வைக்க முடியாது. காலையில் கடற்கரையில் ஊதுபத்திப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது, பின்னேரம் எந்தப் பக்கம் என்று ஒரு வாரம் பிள்ளைகள் குறிக்கட்டும். தரை சூடேறினால் அதன் மேலுள்ள காற்று எழும், அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று வரும். இரவில் தரை சீக்கிரம் ஆறிவிட, காற்று மறுபக்கம் திரும்பும். வள்ளக்காரர்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று உங்கள் வகுப்பில் இருந்தால் அதைப் பேசவிடுங்கள், உங்களைவிட நன்றாகச் சொல்லும்.

மே முதல் ஆகஸ்ட் வரை இதைச் செய்தால் ஒரு குழப்பம் வரும், கச்சான் காற்று. (தின்னும் கடலையைச் சொல்லவில்லை. நம்மிடம் இரண்டுக்கும் ஒரே பெயர்.) தென்மேற்கிலிருந்து வரும் காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாகி வருகிறது. அது பலமாக வீசும் நாளில் கடற்காற்று உள்ளே வர முடியாமல் நிற்கும், ஊர் அவியும். அந்த நாளையும் வீணாக்க வேண்டாம். இரண்டு தண்ணீர்ப் போத்தலை நிழலில் காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். ஒன்றுக்கு ஈரத்துணி சுற்றுங்கள். அரை மணித்தியாலத்தில் ஈரத்துணிப் போத்தல் தெளிவாகக் குளிர்ந்திருக்கும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துக்கொண்டு போகும் வெப்பம் 100 கிராம் தண்ணீரைக் கிட்டத்தட்ட 6 பாகை குளிரவைக்கப் போதும். இதையே மார்கழி ஈரக்காற்றில் திரும்பச் செய்து பார்த்தால் வித்தியாசம் நன்றாகக் குறையும். மண்முட்டித் தண்ணீர் கச்சான் காலத்தில் ஏன் அப்படிக் குளிர்கிறது என்று அம்மம்மாவிடம் கேட்டுவரச் சொல்லுங்கள்.

இத்தனையும் செய்தபின் பிள்ளைகள் "வெப்பம் எல்லாம் சூரியனிலிருந்துதான்" என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். அப்போதுதான் கன்னியாவுக்குக் கூட்டிப்போக வேண்டும். அநுராதபுரம் வீதியில் கொஞ்சத் தூரம், ஏழு கிணறு. இராவணன் தாயின் கிரியைக்காக நிலத்தில் குத்தியதில் வந்தது என்ற கதையைப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள், அதைச் சொல்லவும் விடுங்கள். ஆனால் விடிய வெள்ளனப் போங்கள். வெயில் ஏறுமுன், நிலம் ஆறிக்கிடக்கும் நேரத்தில், தண்ணீர் மட்டும் உடம்புச் சூட்டளவில் இருக்கும். கிணற்றுக்குக் கிணறு கொஞ்சம் வித்தியாசமும் தெரியும். சூரியன் இன்னும் தொடாத தண்ணீருக்கு வெப்பம் எங்கிருந்து வந்தது? மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள் ஆழமாக இறங்கி, அங்கே பூமியின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே திரும்பி வருகிறது. எரிமலை ஒன்றும் கிடையாது, யாராவது கேட்டால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அது வழிபாட்டு இடமும்கூட. வெப்பமானி வைக்குமுன் அங்கே நிற்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சூரியக் கலத்தைக் கடைசிக்கு வைக்கச் சொல்வேன். முதலில் காட்டினால் வெப்பத்தையும் வெளிச்சத்தையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள். கூரையில் இருக்கும் சோலர் பனல் வெயிலின் சூட்டில்தான் வேலை செய்கிறது என்று பெரியவர்களே நினைக்கிறார்கள். சிறிய 6 வோல்ற், ஒரு வாட் பனல் ஒன்றும், பழைய விளையாட்டுக் காரிலிருந்து கழற்றிய மோட்டார் ஒன்றும், ஒரு மல்ரிமீற்றரும் எடுங்கள். வெயிலில் வைத்தவுடன் எத்தனை வோல்ற் என்று குறியுங்கள். பத்து நிமிடம் சுட விட்டுத் திரும்பப் பாருங்கள். வெயில் அதே வெயில், ஆனால் வோல்ற் குறைந்திருக்கும். பின்பக்கம் ஈரத்துணி வைத்துக் குளிரவைத்தால் திரும்ப ஏறும். சிலிக்கன் பனல் ஒரு பாகை சூடேற 0.4 வீதமளவு வலுவை இழக்கும். 25 பாகையில் அளந்து விற்கப்பட்ட பனல் நம்மூர்த் தகரக் கூரையில் 60 பாகைக்குப் போனால் ஏழில் ஒரு பங்கு போய்விடும். அப்புறம் ஒரு விரலால் பனலின் ஒரு கட்டத்தை மட்டும் மூடச் சொல்லுங்கள். ஒரு விரல்தானே என்று நினைப்பார்கள், மோட்டார் நின்றேவிடும். கட்டங்கள் சங்கிலிபோல ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருப்பதால் ஒன்று அடைத்தால் எல்லாம் அடைக்கும்.

குடாவுக்கு அந்தப் பக்கம் சம்பூரைப் பற்றியும் இந்த இடத்தில் பேசலாம். நிலக்கரி மின்நிலையம் வருவதாக இருந்த ஊர். 2016 இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு அங்கே அடிக்கல் நாட்டினார்கள். உங்கள் கையிலுள்ள ஒரு வாட் பனலைப்போல எத்தனை வேண்டும் என்று தரம் 8 பிள்ளைகள் கணக்குப் போடட்டும்.

எச்சரிக்கைகள் கொஞ்சம். சூரியனை நேரே பார்க்கக் கூடாது, அலுமினியத்தாளில் தெரிவதையும் பார்க்கக் கூடாது. உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றுக்கு மேல் வேண்டாம், அதுவும் உங்கள் கையில் இருக்கட்டும். பெட்டி வெயிலில், பிள்ளைகள் நிழலில், குடிதண்ணீர் பக்கத்தில்.

இனி அந்த முட்டை. பெட்டியைப் பெரிய பெட்டி ஒன்றுக்குள் வைத்து இடையில் உமி அடையுங்கள், அடியிலும் மறக்காமல். உள்ளே கறுப்புத்தாள், மேலே இரண்டு படலப் பொலித்தீன், சாய்ந்த மூடி. ஒரு மெல்லிய தகர மூடியின் அடியைக் கறுப்பாக்கி, எண்ணெய் தடவி, பத்தரை மணிக்கு வெறுமனே உள்ளே வைத்துச் சூடாக்குங்கள். பதினொன்றரைக்கு ஒரே ஒரு முட்டையை அதில் மெல்லிசாக உடைத்து ஊற்றுங்கள், தண்ணீர் வேண்டாம். மஞ்சள்கரு முழுக்க இறுகாவிட்டால் ஒருவருக்கும் தின்னக் கொடுக்காதீர்கள். எட்டிப் பார்க்க மூடியைத் திறக்க ஒரு பிள்ளை கட்டாயம் கை நீட்டும். ஒரு தடவை திறந்தால் பத்து நிமிடச் சூடு போய்விடும், அந்தப் பிள்ளையிடமே மணிக்கூட்டைக் கொடுத்து நேரம் பார்க்க வையுங்கள்.